அவளைத் தவிர எல்லாரும்

பாம்பனில் இருவரும் இறங்கியபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது. துரைராஜின் தோளில் சுருட்டிக் கட்டிய தார்ப்பாய். அவன் மச்சான் பாவாடையின் தலையில் ஒரு சாக்கு மூட்டை. அதற்குள் அரிசி, பருப்பு, அலுமினியச் சட்டி, எள், பச்சரிசி. கோயிலுக்குப் போகிற கூட்டம் ராமேஸ்வரத்துக்கென்று ரயிலிலேயே இருந்துவிட்டது. இறங்கியவர்கள் மீன்கூடைக்காரப் பெண்கள் சிலரும் இவர்களும்தான்.

"ராமேஸ்வரம் வரிக்கும் ரயில்லயே போயிருக்கலாமே மாமா. அங்கிருந்து நடந்தா போதுமில்ல?" என்றான் பாவாடை.

"தீவு பூராவும் கரையோரமா ஒரு சுத்து நடந்துடணும் மச்சான். கடலு எங்க கொண்டாந்து ஒதுக்குச்சுன்னு யாரு கண்டாங்க?"

பாவாடை மூட்டையைத் தலையில் சரிசெய்துகொண்டு நடந்தான். தேடப் போவது அவனுடைய அக்காவைத்தான்.

அம்சவல்லி, பாவாடையின் கூடப்பிறந்தவள்; துரைராஜின் மனைவி. நெய்வேலி சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பிரிவில் துரைராஜுக்குப் பர்மனென்ட் வேலை. நகரியத்தில் குவார்ட்டர்ஸ் கிடைத்து ஐந்தாறு பொங்கல் ஆகியிருந்தது. அறுபத்து நாலு டிசம்பரில் அதே பிளாக்குப் பெண்கள் சிலரோடு அம்சவல்லி ராமேஸ்வரம் போனாள். ஒருத்தி காய்ச்சலோடு ராமேஸ்வரத்திலேயே தங்கிவிட, மற்றவர்கள் இரண்டு கடல் கூடுகிற இடத்தில் முழுக்குப் போடுவதற்காகத் தனுஷ்கோடிக்குப் போய்ச் சத்திரத்தில் படுத்தார்கள். அன்று ராத்திரிதான் புயல். காய்ச்சல்காரி மட்டும் நெய்வேலிக்குத் திரும்பி வந்தாள்.

உடல் கிடைக்காததால் துரைராஜ் கருமாதி செய்ய மறுத்துவிட்டான். ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. ஷிப்டு முடிந்து வந்தால் வாசல் கதவைத் திறந்து போட்டுவிட்டுக் கதவுக்கு நேராகவே படுப்பான். உறவுக்காரர்கள் சொல்லிச் சொல்லி ஓய்ந்தார்கள். முத்தாண்டிக்குப்பத்திலிருந்து பாவாடை அடிக்கடி வந்து பேசி, கடைசியில் இருவரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். தீவின் கரையைச் சுற்றி நடப்பது. ஒரு அடையாளமும் கிடைக்காவிட்டால் தீவின் முனையிலேயே காரியத்தை முடித்துவிட்டுத் திரும்புவது. சுரங்கத்தில் காண்ட்ராக்ட் கூலியாக இருந்த பாவாடை, இதற்காகவே வேலைக்கு வரமாட்டேன் என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு வந்திருந்தான்.

தெற்குக் கரையைப் பிடித்து நடந்தார்கள். மேல்மணல் காலை உள்ளே இழுத்தது. அலை தொட்டுவிட்டுப் போகும் ஈர மணலில்தான் நடக்க முடிந்தது. வலப்பக்கம் கண்ணுக்கெட்டிய வரை பச்சைக் கடல். இடப்பக்கம் உடைமுள்ளும் தலையற்ற பனைகளும். வழியில் கவிழ்ந்து கிடந்த வள்ளங்களின் அடியில் குனிந்து பார்த்தான் துரைராஜ். கரை ஒதுங்கிய பாசிக் குவியலைக் காலால் கிளறினான். ஒரு சேலைக் கிழிசல் தென்பட்டால் போதும், ஓடிப் போய் எடுத்து, விரித்து, நிறம் பார்த்து, மறுபடி மணலில் வைத்துவிட்டு வருவான். எறியமாட்டான், வைத்துவிட்டுத்தான் வருவான்.

முதல் நாள் பொழுது சாய்ந்ததும் விழுந்து கிடந்த பனைமரத்தில் தார்ப்பாயைக் கட்டித் தங்கினார்கள். கஞ்சி காய்ச்சிக் குடித்தார்கள். நல்ல தூக்கம் வந்தது. காலையில் எழுந்தபோது, இந்த நடை மாமாவின் மனதைக் கொஞ்சம் ஆற்றிவிடும் என்றுகூடப் பாவாடைக்குத் தோன்றியது.

மறுநாள் தீவு ஒடுங்க ஆரம்பித்தது. வலப்பக்கத்துக் கடலில் நின்றால் இடப்பக்கத்துக் கடலின் இரைச்சலும் கேட்டது. ரோடு இருந்த தடமே இல்லை. தண்டவாளம் ஓரிடத்தில் மணலுக்குள்ளிருந்து வெளியே வளைந்து வந்து மறுபடியும் மணலுக்குள் போயிற்று. அங்கே ஒரு மனிதன் குழி தோண்டி உட்கார்ந்து, கொட்டாங்கச்சியால் தண்ணீர் மொண்டு பானையில் ஊற்றிக்கொண்டிருந்தான். கடலுக்குப் பக்கத்தில் மணலைத் தோண்டினால் அங்கே நல்ல தண்ணீர் ஊறும். மாடசாமி என்று பேர் சொன்னான். மீன் ஏற்ற வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துப் பிழைக்கிறவன்.

இருவருக்கும் தண்ணீர் ஊற்றினான். எதற்காக வந்தார்கள் என்று கேட்கவில்லை. துரைராஜ் அப்போதுதான் மணலிலிருந்து எடுத்துக் கையில் வைத்திருந்த சேலைக் கிழிசலைப் பார்த்துவிட்டு, "வெயில் ஏறுறதுக்கு மிந்தி போயிருங்க" என்று மட்டும் சொன்னான்.

ஊர் இருந்த இடத்துக்கு உச்சிப்பொழுதில் போய்ச் சேர்ந்தார்கள்.

கூரையில்லாத சுவர்கள். வாசலில்லாத படிகள். கடல்பாறையை அறுத்துக் கட்டிய கற்களில் உப்புப் பூத்திருந்தது. சத்திரம் எது என்று தெரியவில்லை. முழங்கால் உயரத்துக்கு மணல் மூடிய ஒரு நீளமான கட்டடத்தைப் பார்த்து, "இதுதான்" என்றான் துரைராஜ். உள்ளே போய் மணலில் உட்கார்ந்து தரையைத் தடவிக்கொண்டிருந்தான்.

பாவாடை சுவரின் நிழலில் நின்றான். காற்று விழுந்துவிட்டது. முதலில் வாசனைதான் வந்தது. ஈரத்துணியும், தேங்காயெண்ணெயும், வாடிய மல்லிகையும் கலந்த, யாத்திரைக்காரர்கள் நெருக்கியடித்துப் படுத்திருக்கிற இடத்தின் வாசனை. அப்புறம் ஒரு முணுமுணுப்பு. ஒரு குழந்தையைத் தட்டித் தூங்கவைக்கிற சத்தம். யாரோ இருமினார்கள்.

சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தான்.

வெறும் மணல். வெயில்.

"போவலாம் மாமா," என்றான்.

முனைக்குப் போகும்போது பொழுது இறங்கிவிட்டது. நிலம் ஒரு வீதி அகலத்துக்குச் சுருங்கி, பிறகு ஒரு வண்டிப்பாதை அகலமாகி, இரண்டு கடலுக்கும் நடுவில் முடிந்துபோயிற்று. விடிந்ததும் காரியம் செய்துவிட்டுக் கிளம்ப வேண்டும் என்று பேச்சு. பாவாடை தார்ப்பாயை விரித்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். துரைராஜ் தண்ணீருக்குள் இறங்கிக் கணுக்கால் நனைய நின்றான்.

பிறகு வாயருகே இரண்டு கையையும் குவித்துக் கூப்பிட்டான்.

"அம்சவல்லீ! வாம்மா... வூட்டுக்குப் போவலாம் வா!"

அலைச் சத்தம் நின்றுபோயிற்று.

தண்ணீர் அசைந்துகொண்டுதான் இருந்தது. நுரை வந்து மணலைத் தொட்டுத் திரும்பியது. சத்தம் மட்டும் இல்லை. இரண்டு கடலும் காது கொடுத்துக் கேட்டதுபோல இருந்தது.

"வா... எல்லாம் இருக்குது. ஒன் வூடு அப்பிடியேதான் இருக்குது. வந்துடு!"

பாவாடை ஓடிப்போய் அவன் கையைப் பிடித்து இழுத்து வந்தான். துரைராஜின் கை பனிக்கட்டியாகக் குளிர்ந்திருந்தது. தார்ப்பாய்க்குள் நுழைந்து இருவரும் ஒருவரையொருவர் ஒட்டி உட்கார்ந்தார்கள். கொண்டுவந்திருந்த அரிக்கேன் விளக்கைக் கொளுத்தினார்கள். வெளியே காற்றே இல்லை.

தார்ப்பாயின் ஒரு பக்கம் மெல்ல உள்ளே புடைத்தது.

வெளியில் யாராவது முதுகைச் சாய்த்து உட்கார்ந்தால் எப்படிப் புடைக்குமோ அப்படி. அதற்குப் பக்கத்தில் இன்னொரு புடைப்பு. சின்னதாக, கீழே, ஒன்று. பின்பக்கமும் புடைத்தது. நான்கு பக்கத்திலும் முதுகுகள்.

தார்ப்பாய் வழியாக ஈரம் கசிந்து பாவாடையின் தோளில் இறங்கியது. அவன் அசையவில்லை. பக்கத்தில் துரைராஜ் அழுதுகொண்டிருக்கிறான் என்று நினைத்து விளக்கு வெளிச்சத்தில் முகத்தைப் பார்த்தான்.

துரைராஜ் சிரித்துக்கொண்டிருந்தான்.

விடிந்ததும் தார்ப்பாயைச் சுற்றி மணல் குழிகுழியாக அமுங்கிக் கிடந்தது. எள்ளையும் பச்சரிசியையும் பாவாடை எடுத்து வைத்தான். துரைராஜ் அதைத் தொடவில்லை.

"யாருக்கு மச்சான் கருமாதி? அவதான் வந்துட்டாளே."

வடக்குக் கரை வழியாகத் திரும்பினார்கள். துரைராஜ் முன்னால் வேகமாக நடந்தான். வழியெல்லாம் நகரியத்துக் கதையை உரக்கச் சொல்லிக்கொண்டு போனான். புதிதாகக் கடை வந்திருக்கிறது, வாசல் வேப்பங்கன்று ஆள் உயரம் வளர்ந்துவிட்டது என்றெல்லாம். பாவாடை ஒரே ஒரு முறை திரும்பிப் பார்த்தான். அவர்கள் கடந்துவந்த ஈர மணல், தேர் போன வீதிபோல மிதிபட்டுக் கிடந்தது.

தீவு ஒடுங்குகிற இடத்து ஊற்றுக்குழியில் மாடசாமி இருந்தான். இவர்களைப் பார்த்ததும் கொட்டாங்கச்சியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான். ஒரு அடி பின்னால் போனான்.

"எத்தன பேருக்குத் தண்ணி?"

"ரெண்டு பேருதாங்க," என்றான் பாவாடை.

மாடசாமி அவர்களுக்குப் பின்னால் நெடுநேரம் பார்த்தான்.

"பேரு சொல்லிக் கூப்புட்டீகளா?"

துரைராஜ் காதில் வாங்காமல் முன்னால் போய்விட்டான். பாவாடை தலையை ஆட்டினான்.

"கூப்புட்டா அந்தப் பேருக்காரி மட்டுமா வருவா? ஒருத்தராச்சும் வான்னு சொல்ல மாட்டாகளான்னு இங்கன எல்லாருந்தேன் கெடக்காக."

"திருப்பி அனுப்ப முடியாதுங்களா?" பாவாடை மெதுவாகக் கேட்டான்.

"எங்கிட்டு அனுப்புவீக?" என்று கேட்டுவிட்டு மாடசாமி பானையை அங்கேயே விட்டுவிட்டு நடந்து போனான்.

ஊர் திரும்பிய பிறகு பாவாடை காய்ச்சலில் படுத்தான். எழுந்து நடமாட ஆரம்பித்ததும் அவன் மனைவி சாமியம்மாள் சொன்னாள், "இன்னாங்க, ஒங்க மாமா ஷிப்டுக்கே போறது இல்லியாம். சந்தையில பிளாக்குப் பொம்பளைங்க பேசிக்கினாங்க. வாசக் கதவு மூடியே கெடக்குதாம். ஆனா உள்ள ஒரே பேச்சுச் சத்தமாம்."

சைக்கிளை எடுத்துக்கொண்டு அன்றைக்கே போனான். மத்தியான நேரம். ஆண்கள் வேலையில் இருந்தார்கள். வீதியில் ஆள் இல்லை. தூரத்தில் சுரங்கத்து இயந்திரங்களின் ஓயாத இரைச்சல். குவார்ட்டர்ஸ் சுவரில் ஒரு முழ உயரத்துக்கு வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. கதவைத் தட்டினான்.

கதவு கொஞ்சமாகத் திறந்தது. துரைராஜ் பாதியாக இளைத்திருந்தான்.

"பாத்து வா மச்சான். மிதிச்சிடாத."

உள்ளே வெயில் தெரியாத குளிர். சிவப்புத் தரையில் மெல்லிய தண்ணீர். பாசி நாற்றம். கட்டில், பெட்டி எல்லாம் ஒரு மூலைக்கு ஒதுக்கப்பட்டிருந்தன. அறை காலியாக இருந்தது. அந்தக் காலி அறையில் துரைராஜ், கூட்டம் நிறைந்த பஸ்ஸில் நிற்பதுபோல, சுவரோடு ஒட்டிக் கையைக் காலை ஒடுக்கிக்கொண்டு நின்றான்.

"உக்காரு மாமா," என்றான் பாவாடை.

"எங்க உக்கார்றது?"

அவன் கிசுகிசுத்தான். "அந்தக் கதவண்டை ஒரு கெழவரு. அவரு பக்கத்துல ஒரு பொம்பள, கைக்கொழந்தையோட. கொழந்த ராத்திரியெல்லாம் இருமுது. அடுப்பங்கரைல இருக்கறவங்க பேசற பாஷையே எனக்குப் புரியல. வடக்கத்திக்காரங்க போல."

பாவாடைக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அவன் முழங்காலுக்குக் கீழே, வேட்டியை யாரோ லேசாக ஒதுக்கிக்கொண்டு நகர்ந்து இடம் விட்டார்கள்.

அது காற்று இல்லை என்று அவனுக்குத் தெரிந்தது.

"அக்கா எங்க மாமா?"

துரைராஜ் தலையைக் குனிந்துகொண்டான்.

"அவ வர்ல மச்சான். அவளத் தவிர எல்லாரும் வந்துட்டாங்க."

தரையிலிருந்த தண்ணீர் பாவாடையின் விரல்களைச் சில்லென்று தொட்டது.

"வெளிய போவச் சொல்லு மாமா. பூசாரிய இட்டாறேன். தொரத்திடலாம்."

"எப்பிடிடா தொரத்தறது? வான்னு கூப்புட்டது நானு. வூடு இருக்குதுன்னு சொன்னது நானு." துரைராஜின் கண்ணில் நீர் நின்றது. "அவளும் இந்நேரம் எவன் வூட்டு வாசல்லியோ போயி நின்னுகினு இருந்தா? அவங்க தொரத்தினா?"

துரைராஜ் மூலையிலிருந்த தார்ப்பாயைப் பார்த்தான்.

"ஒருவேள அவதான் கடைசியா நின்னாளோ என்னவோ. கூச்சப்படுவா, தெரியுமில்ல ஒனக்கு? கூட்டத்துல முன்னால வரமாட்டா. நான் போயி கையோட இட்டுகினு வந்துடறேன்."

"நானும் வரேன்."

"நீ வேணாம். ஒனக்குப் பொண்டாட்டி இருக்குது."

பாவாடை கையைப் பிடித்துக் கெஞ்சினான், காலைப் பிடித்துக் கெஞ்சினான். அவன் கேட்கவில்லை. மறுநாள் காலை அதே தார்ப்பாயைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டை விட்டு இறங்கினான். பஸ் நிற்கிற இடம் வரை பாவாடை கூடவே போனான். மழை பெய்து பல மாதம் ஆகியிருந்தது. ஆனாலும் துரைராஜுக்குப் பின்னால் அந்தச் செம்மண் வீதி திட்டுத்திட்டாக நனைந்துகொண்டே வந்தது.

விருத்தாசலம் பஸ் வந்தது. பாதி இருக்கை காலி. துரைராஜ் ஏறியதும், ஏற்கெனவே உட்கார்ந்திருந்தவர்களில் சிலர் ஒவ்வொருவராக எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஏன் எழுந்தோம் என்று அவர்களுக்கே தெரியவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கண்டக்டர் காலியான இருக்கைகளைப் பார்த்தான், பிறகு விசில் ஊதினான்.

துரைராஜ் திரும்பி வரவில்லை.

பாவாடை ராமேஸ்வரத்துக்குப் போய் விசாரித்தான். தார்ப்பாய் தூக்கிய ஒருவன் முனைப்பக்கம் நடந்து போனதை மீன்காரர்கள் பார்த்திருந்தார்கள். திரும்பி வந்ததை யாரும் பார்க்கவில்லை. முனை வரைக்கும் போய்ப் பார்க்கப் பாவாடைக்குக் கால் வரவில்லை. ராமேஸ்வரத்திலேயே ஒரு புரோகிதரை வைத்து இரண்டு பேருக்கும் சேர்த்துக் காரியம் செய்தான். பிண்டத்தைக் கரைத்தபோது அலை அதை வாங்கிக்கொள்ளாமல் திருப்பித் திருப்பிக் கொண்டுவந்து அவன் காலடியில் போட்டது.

குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லித் தகவல் வந்தது. பாவாடையும் சாமியம்மாளும் மாட்டுவண்டி பிடித்துக்கொண்டு போனார்கள். உள்ளே நுழையும்போது பாவாடை வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டான். ஆனால் வீடு காய்ந்து கிடந்தது. தரையில் புழுதி. பல்லி சத்தம். பாசி நாற்றம் போயிருந்தது. எல்லாரும் துரைராஜோடேயே போய்விட்டார்கள் என்று பாவாடை புரிந்துகொண்டான். ரொம்ப நாளைக்குப் பிறகு மூச்சு நிறைய விட்டான்.

சாமான்களை ஏற்றினார்கள். சாமியம்மாள் வண்டியோடு முன்னால் போய்விட்டாள். பாவாடை கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பினான்.

"தம்பி."

வேலிக்கு வெளியே, உச்சி வெயிலில் அம்சவல்லி நின்றாள்.

புறப்பட்ட அன்று கட்டியிருந்த அதே நீலச் சேலை வெளுத்து நூல்நூலாகிப் போயிருந்தது. பாதம் வெடித்துக் கணுக்கால் வரை வெள்ளையாக உப்பு ஏறியிருந்தது. முகத்தில் களைப்பைத் தவிர வேறொன்றும் இல்லை.

"எம்மாம் தூரம்டா. வழி தெரியல. கடலோரமாவே நடந்து வந்தேன். ஆத்து முகத்துலல்லாம் சுத்திக்கினு வரவேண்டியதாப் போச்சு." மூச்சு வாங்கினாள். "வழியில ஒருத்தரும் வான்னு சொல்லல. பூட்டிட்டியே? அவரு ஷிப்டுல இருக்காரா?"

பாவாடையின் கண்ணில் தண்ணீர் வழிந்தது. நெஞ்சு முழுக்கப் பயம். அந்தப் பயத்துக்கு உள்ளே, இவள் என் அக்கா என்கிற ஒரு வலி.

"மாமா ஒன்னத் தேடிக்கினு போயிட்டாருக்கா."

"எங்க?"

"அங்கதான். தீவுக்கு."

அவள் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"நான் கரையிலியேதான வந்தேன். என் கண்ணுல படலியேடா."

"ரயில்ல போனாரு."

"அப்பிடியா," என்றாள். "இப்பவே திரும்புனா புடிச்சிடலாம். தனியாக் கெடந்து தவிப்பாரு."

அவள் திரும்பி நடந்தாள். மெதுவாக, காலைச் சாய்த்துச் சாய்த்து. 'அக்கா, வா' என்கிற சொல் பாவாடையின் நாக்கு வரை வந்தது. வாயைத் திறந்தால் யார் யார் காதில் விழும் என்று தெரியவில்லை. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றான். வேப்பமரங்களுக்கு நடுவே அவள் சின்னதாகி, வெயிலில் கரைந்து, காணாமல் போனாள்.

அன்றைக்குக் காய்ச்சலில் விழுந்தவன் வெகுநாள் எழவில்லை. யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஆடி பிறந்தது. முத்தாண்டிக்குப்பத்தில் வீட்டுக்குப் பின்னால் முந்திரி விறகு பிளந்துகொண்டிருந்தான் ஒரு மத்தியானம். உள்ளேயிருந்து சாமியம்மாள் குரல் கொடுத்தாள்.

"ஏங்க, வாசல்ல யாரோ வந்து நிக்கறாங்க போல. பாருங்களேன்."

கோடாலியைப் போட்டுவிட்டுச் சுற்றிக்கொண்டு வந்தான்.

படலுக்கு அந்தப் பக்கம் துரைராஜ் நின்றான். பாதம் வெடித்திருந்தது. கணுக்கால் வரை வெள்ளையாக உப்பு.

"கரை பூராவும் தேடிட்டேன் மச்சான்," என்றான். "அவ இங்க வந்தாளா?"